சுவர் முதலிலா, இரவு முதலிலா? பெய்ஜிங்குக்கு ஐந்து நாள் போகிறவர்களுக்கு

கேட்டது சுருக்கமாக இது: நண்பர்கள் நான்கு பேர், அக்டோபரில் ஐந்து நாள் பெய்ஜிங் போகிறீர்கள். பெருஞ்சுவரில் ஏறி நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்குவதில் விருப்பமில்லை, நன்றாக நடக்க வேண்டும். இரவில் ஊரையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு முழங்கால் சரியில்லை, இன்னொருவர் மதுவைத் தொடமாட்டார். சுவரின் எந்தப் பகுதிக்குப் போவது, இரவுக்கு எந்த வட்டாரம், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற இரண்டும் அதைத்தான் சார்ந்திருக்கின்றன. ஒரே நாளில் வேண்டாம். அதைவிட முக்கியம், எதை முன்னால் வைப்பது என்பது. பயண ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் வந்திறங்கிய மறுநாள் காலையிலேயே சுவருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அது சரி. நேர மாற்றத்தில் அவர்களுக்கு விடியற்காலை நாலு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். நமக்குத் தலைகீழ். பெய்ஜிங் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் உங்கள் உடம்புக்கு அது 3.30. அங்கே நள்ளிரவு 12 என்பதோ நமக்கு இரவு 9.30, சாப்பிட்டுவிட்டு அரட்டையடிக்கிற நேரம். ஆகவே முதல் இரண்டு இரவுகள் ஊர் சுற்றுவதற்கென்றே அமைந்தவை. சுவரை நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள்.

இதற்குக் கிழமைக் கணக்கும் துணை செய்கிறது. வெள்ளியன்று போய்ச் சேர்ந்து செவ்வாய் இரவு கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில்தான் இசைக் கூடங்களில் நல்ல குழுக்கள் வாசிக்கும். ஞாயிறு சீக்கிரம் படுத்துவிடலாம். திங்களன்று பெய்ஜிங்கின் அரண்மனை அருங்காட்சியகம் மூடியிருக்கும், வேறு பல அருங்காட்சியகங்களுக்கும் அன்றுதான் விடுமுறை. சுவருக்கு அந்த விடுமுறை கிடையாது, வார இறுதிக் கூட்டமும் வடிந்திருக்கும். திங்களை சுவருக்குக் கொடுத்துவிட்டு, செவ்வாய்ப் பகலை அரண்மனைக்கும் மழைக்கான மாற்று நாளாகவும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் எந்த வாரம் என்று சொல்லவில்லையே. முதல் வாரமாக மட்டும் இருக்கக் கூடாது. அக்டோபர் 1 தேசிய தினம், அதையொட்டி நாடே ஒரு வாரம் விடுமுறையில் கிளம்பிவிடும். பெருஞ்சுவரின் பாதாலிங் பகுதிக்கு ஒரு நாளில் 65,000 பேர் என்று 2019 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று பழனிப் படியில் நிற்கிற மாதிரிதான் நிற்க வேண்டும். இன்னொன்று: நீண்ட விடுமுறைக்கு ஈடாக அதற்கு முன்போ பின்போ வருகிற ஒரு சனியையோ ஞாயிறையோ வேலைநாளாக அறிவித்துவிடுவார்கள். அந்த வாரத்தில் மாட்டினால் நான் மேலே போட்ட கிழமைக் கணக்கெல்லாம் குழம்பும். மாதத்தின் பின்பாதியில் போங்கள். மலையில் இலைகள் சிவந்திருக்கும், வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மாத இறுதியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை.

இப்போது சுவர். எல்லோருக்கும் தெரிந்த பெயர் பாதாலிங். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சனைக் கூட்டிப்போனது அங்கேதான். 2019 இறுதியிலிருந்து அதிவேக ரயிலே சுவரின் அடிக்கு, பூமிக்கடியில் ஆழத்தில் இருக்கிற நிலையத்துக்குப் போகிறது. ஊரிலிருந்து அரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. நடக்க வேண்டும் என்று கேட்கிற உங்களுக்கு அது வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஜின்ஷான்லிங். பெய்ஜிங்கின் எல்லையைத் தாண்டி ஹெபெய் மாகாணத்தில், வடகிழக்கே சுமார் 130 முதல் 150 கிலோமீட்டர். போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்தத் தூரமே அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மொத்தம் பத்தரை கிலோமீட்டர் சுவர், அறுபதுக்கும் மேற்பட்ட காவல் கோபுரங்கள். ஒரு முனை நன்றாகச் செப்பனிட்டது. கிழக்கே போகப் போகப் பழுதுபார்ப்பு குறைந்து, கைப்பிடிச் சுவர் உடைந்து, செங்கல் இடுக்கில் புல் முளைத்து, உண்மையிலேயே பழைய சுவர் மேல் நடக்கிறோம் என்று தோன்ற ஆரம்பிக்கும். மேற்கிலிருந்து கிழக்கு வாயிலை நோக்கி நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும்.

அது ஏன் அவ்வளவு கெட்டியாக, அவ்வளவு நெருக்கமான கோபுரங்களோடு கட்டப்பட்டது என்று தெரிந்துகொண்டு போனால் நடை வேறு மாதிரி இருக்கும். 1550-ல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான், பக்கத்திலிருக்கிற கூபெய்கோ கணவாய் வழியாகத்தான் உடைத்துக்கொண்டு வந்து பெய்ஜிங்கின் வாசலில் நின்றார். அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசுக்கு அது பெரிய அவமானம். அடுத்த இருபது ஆண்டுக்குள், தெற்கே கடற்கொள்ளையரை அடக்கிப் பேர்வாங்கிய ச்சி ஜிகுவாங் என்ற தளபதியை வடக்கே கொண்டுவந்தார்கள். வெறும் சுவர் போதாது என்று சொல்லி, உள்ளே ஆள் தங்குகிற, தானியமும் வெடிமருந்தும் சேமிக்கிற கோபுரங்களை ஆயிரத்துக்கும் மேல் எழுப்பியவர் அவர். அதற்குமுன் சிப்பாய்கள் மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் நின்று காவல் காத்தார்கள். ஜின்ஷான்லிங் கோபுரங்களுக்குள் நுழைந்து பாருங்கள்: வளைவுகள், குறுகலான படிகள், நாலு பக்கமும் சாளரங்கள், சிலவற்றில் மேல்தளத்தில் சிறு காவலறை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

அங்கே தேடிப் பார்க்க வேண்டிய இரண்டு சமாச்சாரங்கள். ஒன்று, எழுத்துப் பொறித்த செங்கற்கள். எந்த ஆண்டில், எந்தப் படைப்பிரிவு அறுத்துச் சுட்டது என்று முத்திரை குத்தியிருப்பார்கள். வான்லி அரசரின் ஐந்தாம், ஆறாம் ஆட்சியாண்டுகள், அதாவது 1577, 1578 என்று போட்ட செங்கற்கள் நிறைய. கல் சரியில்லை என்றால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், அல்தான் கானோடு 1571-லேயே சமாதானமாகி, எல்லையில் குதிரைச் சந்தை திறந்தாயிற்று. சமாதானத்துக்குப் பிறகும் செங்கல் சுட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

இரண்டாவது, கோபுரத்துக்கு ஏறுகிற செங்குத்தான இடங்களில் படிகளின் குறுக்கே வரிசையாக நிற்கிற குட்டைச் சுவர்கள். எதிரி கீழே சுவர்மேல் ஏறிவிட்டாலும், ஒவ்வொரு குறுக்குச் சுவராகப் பின்வாங்கி மறைந்திருந்து அடிக்கலாம். மேலே நின்று அந்த வரிசையைக் கீழ்நோக்கிப் பார்த்தால், அம்பு விடுகிற துளைகளெல்லாம் எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது சட்டென்று புரியும். மற்றப் பகுதிகளில் இதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

செங்கல்லைப் பிடித்த சாந்து பற்றியும் ஒரு வார்த்தை. மிங் காலக் கட்டுமானங்களில் சுண்ணாம்போடு ஒட்டும் அரிசிக் கஞ்சியைக் கலந்தார்கள். அரிசியின் மாவுச்சத்து சுண்ணாம்பு இறுகும்போது படிகங்களைப் பொடியாக, நெருக்கமாக வைத்திருக்கிறது என்று ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் விளக்கினார்கள். நம் ஊரில் கடுக்காய் ஊறின நீரும் கருப்பட்டியும் சுண்ணாம்பில் சேர்த்து அரைத்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று நாலு விரல் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். மலை எப்படி வளைகிறதோ சுவரும் அப்படியே வளைந்து ஏறி இறங்குகிறது, சமதளமே அபூர்வம். அதனால் ஜின்ஷான்லிங்குக்குப் பேருந்தில் போகாமல் நான்கு பேரும் சேர்ந்து ஒரு காரை நாள் வாடகைக்கு எடுங்கள். தங்குமிடத்திலேயே ஏற்பாடு செய்து தருவார்கள். நால்வராகப் பிரித்துக்கொண்டால் கையைச் சுடாது. நால்வரும் கேபிள் காரில் மேலே போங்கள். அங்கேயே இரண்டு மூன்று கோபுரங்களை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். பிறகு மூன்று பேர் கிழக்கே நடந்துபோங்கள். நான்காமவர் நிதானமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு அதே கேபிள் காரில் இறங்கி, காரில் சுற்றி வந்து கிழக்கு வாயிலில் உங்களைச் சந்திக்கலாம். முழங்கால் வலி உள்ளவரைக் கீழே உட்கார வைத்துவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல். காற்று அதிகமான நாளில் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், காலையில் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மூத்தியென்யூ. ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், ஹுவாய்ரோ மாவட்டத்தில். முழுக்கச் செப்பனிட்ட பகுதி, 23 கோபுரங்கள். கேபிள் கார் 14ஆம் கோபுரத்தில் இறக்கிவிடும், திறந்த நாற்காலி லிஃப்ட் ஆறாம் கோபுரத்தில். 14-லிருந்து 20 வரை நடந்தால் கடைசியில் ஒரு செங்குத்துப் படிக்கட்டு வரும், ஆள் வியர்த்துவிடும். மேலே போனால் பார்வை பிரமாதம். ஆறாம் கோபுரத்திலிருந்து உலோகப் பாதையில் சறுக்கு வண்டியில் இறங்கலாம். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிக்காதீர்கள், முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட நல்ல இறங்கு வழி கிடையாது. பொதுப் பேருந்தில் தொங்ஜிமென்னிலிருந்து ஹுவாய்ரோ வழியாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வழியில் சீருடை மாதிரி எதையோ போட்டுக்கொண்டு ஒருவர் ஏறி, "மூத்தியென்யூவா, இங்கே இறங்குங்கள்" என்பார். இறங்கினால் அவருடைய டாக்சிதான். நேரடியாகப் போகிற சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இரவு உலா, சுவர் இரண்டையும் ஒன்றாக விற்கிற இடமும் ஒன்று இருக்கிறது. ஸிமாதாய் பகுதியில், அடிவாரத்து கூபெய் நீர்நகரத்தோடு சேர்த்து 2014-ல் திறந்தார்கள். இரவில் விளக்குப் போட்ட சுவரின் ஒரு சிறு பகுதியில் முன்பதிவு செய்து நடக்கலாம். சுவர் அசல், ஊர் புதிதாகக் கட்டிய பழைய ஊர். வாய்க்கால், கற்பாலம், சிவப்பு விளக்கு எல்லாம் கண்ணுக்கு அழகுதான், குடும்பத்தோடு வருகிற உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிக்கிறது. எனக்கு அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நாளில் ஓர் இரவை அதற்குக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஜின்ஷான்லிங்கிலிருந்து ஸிமாதாய்க்கு நடந்தே போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2010-ல் ஸிமாதாயை மூடியதற்கு முன்னால்தான் அது பிரபலமான வழி.

ஜியன்கோ பற்றியும் யாராவது ஆசை காட்டுவார்கள். பெரும்பாலும் பழுதுபார்க்காமல், பல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிகரங்களின் மேல் ஓடுகிற சுவர், படத்தில் பார்த்தால் மனசு அலைபாயும். பொதுமக்களுக்குத் திறக்காத பகுதி அது. 2006 டிசம்பரிலிருந்து அமலில் உள்ள பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகள், திறக்காத பகுதிகளில் ஆட்களைக் கூட்டிப்போய் நிகழ்ச்சி நடத்துவதைத் தடை செய்கின்றன. உதிர்கிற கல் மேல் ஏறி அங்கே செத்தவர்களும் உண்டு. சுவருக்கும் நல்லதல்ல. 2023-ல் ஷான்சி மாகாணத்தில் சுற்றிப்போகிற தூரத்தை மிச்சப்படுத்த இரண்டு பேர் மண்வாரி இயந்திரத்தால் சுவரையே உடைத்து வழி போட்ட செய்தி படித்திருப்பீர்கள். கல் உதிர்வதற்கு இயந்திரமே வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கான காலணிகள் போதும்.

சுவரில் வேண்டியது அதிகமில்லை. பிடிமானமுள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காற்றைத் தடுக்கிற மேலாடை. கோபுரத்துக்குள் நின்றால் அக்டோபரிலேயே குளிரும். கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டை அதன் எண்ணில்தான் பதிவார்கள். மேலே கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஜின்ஷான்லிங்கில் பக்கத்துக் கிராமத்தார் சிலர் பேச்சுக் கொடுத்தபடியே கூட நடந்து வருவார்கள், ஏறுகிற இடத்தில் கைகூடக் கொடுப்பார்கள். கடைசியில் பையிலிருந்து புத்தகமோ சட்டையோ வெளிவரும். வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே சிரித்துச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

இனி இரவு. பெய்ஜிங் இரவு என்று தேடினால் முதலில் வருவது சான்லிதுன். தூதரகங்கள் நிறைந்த வட்டாரம் என்பதால் 1990களில் வெளிநாட்டவரை நம்பி அங்கே பார்கள் முளைத்தன. மலிவுச் சாராயமும் இரைச்சலுமாக இருந்த பின்தெருவை 2017-ல் செங்கல் வைத்து அடைத்து ஒழுங்குபடுத்திவிட்டார்கள். இப்போது பளபளக்கிற கடைவளாகங்களும் காக்டெயில் பார்களும்தான். மனிதர்களை வேடிக்கை பார்க்க நல்ல இடம். எல்லாத் தலைநகரத்திலும் இருக்கிற மாதிரி ஓர் இடம். வெள்ளி இரவு வந்த களைப்போடு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பப் போதும். நடக்கிற தூரத்தில் தொழிலாளர் விளையாட்டரங்கம் இருக்கிறது. இடித்துக் கட்டி 2023-ல் மீண்டும் திறந்தது, பெய்ஜிங் குவோஆன் கால்பந்து அணியின் சொந்த மைதானம். நீங்கள் இருக்கிற நாளில் ஆட்டம் இருந்தால் வேறெதையும் யோசிக்காமல் டிக்கெட் வாங்கிவிடுங்கள். அதே வளாகத்து உள்ளரங்கில்தான் 1986 மே மாதம் ச்சுய் ஜியன் என்ற இளைஞர் கால்சட்டையை ஏனோதானோவென்று மடித்துவிட்டுக்கொண்டு மேடையேறிப் பாட, சீன ராக் இசை பிறந்தது என்பார்கள்.

சனி இரவை அந்த இசைக்கே கொடுங்கள். கூலோ, அதாவது முரசுக் கோபுரத்தைச் சுற்றிய ஹூதொங் சந்துகள், பெய்ஜிங் இசைக்குழுக்களின் பழைய தாய்வீடு. வாடகையும் விதிமுறைகளும் துரத்தத் துரத்தக் கூடங்கள் மூடி, இடம் மாறி, வேறு பெயரில் திறந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகங்கள் இருக்கிற வூதாவ்கோவில் 2006 முதல் 2012 வரை இருந்த டி-22 என்ற சின்னக் கூடத்திலிருந்துதான் கார்சிக் கார்ஸ் போன்ற குழுக்கள் வெளியே தெரிந்தன; இப்போது அது பேச்சில் மட்டும் இருக்கிறது. அதனால் கூடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், எந்தக் கூடம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஷோஸ்டார்ட் என்ற சீனச் செயலியில் அந்த வாரத்து நிகழ்ச்சிகள் எல்லாம் இருக்கும். 2019-ல் இசைக்குழுக்களின் போட்டி நிகழ்ச்சி ஒன்று இணையத்தில் பெரிதாக ஓடியதிலிருந்து பெரிய குழுக்களுக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பெயர் தெரியாத குழுவுக்குப் போங்கள், அதுதான் சுவாரசியம். நிகழ்ச்சிகள் எட்டு, எட்டரைக்கே தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிந்துவிடும், அதனால் தாமதமாகப் போய் நிற்காதீர்கள். மது தொடாத நண்பருக்கும் இதுதான் மிகச் சரியான இரவு. அங்கே யாரும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தப் போவதில்லை, பாதிப் பேர் கையில் எலுமிச்சைத் தேநீர்தான் இருக்கும்.

குடிக்கிறவர்களுக்குக் கைவடி பீர் (கிராஃப்ட் பீர்). கிரேட் லீப் என்ற நிறுவனம் 2010-ல் ஒரு ஹூதொங் முற்றத்தில் தொடங்கி, தேனும் சிச்சுவான் மிளகும் போட்டு பீர் வடித்தது. அதன் பிறகு ஊரில் அப்படி எத்தனையோ. ஒரு கோப்பை ஐம்பது யுவானை ஒட்டி வரும். யுவானுக்கு ஏறக்குறைய 12 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெருவோர உணவகத்தில் யென்ஜிங் பீர் அதில் சிறு பங்கு விலைதான். அங்கே ஆட்டுக்கறியைக் கம்பியில் கோத்து, சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிச் சுட்டுத் தருவார்கள், நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். அர்குவோதோ என்ற வெள்ளைச் சாராயம் மட்டும் நிதானம். பச்சைச் சீசாவில் மலிவாகக் கிடைக்கும், 56 சதவீத மதுச்சத்து உள்ளதும் உண்டு. சுவருக்கு முந்தின இரவு அதைத் தொட்டீர்களானால் திங்கட்கிழமையை மறந்துவிடலாம்.

ஹோஹாய் ஏரிக்கரையை எல்லோரும் இரவு பத்து மணிக்குப் போய்ப் பார்த்து ஏமாந்து வருகிறார்கள். கரை முழுக்க பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாடகர், ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று மிஞ்சும், வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறை. சூரியன் மறைகிற நேரத்தில் போங்கள். யின்திங் பாலத்தில் நின்று மேற்கே மலைகளைப் பார்த்துவிட்டு, கரையோடு நடந்தால் மீன்பிடிக்கிற, சீட்டாடுகிற, ஏரியிலேயே நீந்துகிற முதியவர்களைப் பார்க்கலாம். குளிர்காலத்திலும் நீந்துவார்கள். ஞாயிறு மாலைக்கு அது போதும். அங்கிருந்து முரசுக் கோபுரமும் மணிக் கோபுரமும் பக்கம்தான். அரண்மனையோடு சேர்த்து, ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிற நடு அச்சு முழுவதும் 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இரண்டு கோபுரங்களுக்கும் இடையிலிருக்கிற சதுக்கத்தில் இரவில் அக்கம்பக்கத்தார் இறகுப்பந்தைக் காலால் தட்டி விளையாடுவார்கள், பாட்டுப் போட்டு ஆடுவார்கள். அந்த வட்டத்தில் சேர்ந்து ஆடினால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். காசு ஏதும் கேட்காத இரவு உலா அது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் உங்களில் யாராவது இருந்தால், யொங்ஹெகொங் பௌத்த ஆலயத்தைச் சுற்றியிருக்கிற சைவ உணவகங்களில் அன்றைய இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். வேறு இடங்களில் "காய்கறி மட்டும்" என்றால் கொஞ்சம் பன்றி இறைச்சி தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள்.

சில நடைமுறைகள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். இடைத்தங்கலுக்கு 240 மணி நேர விசா விலக்கு என்று படிப்பீர்கள், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பணம் கட்டுவதற்கு அலிபேயோ வீசாட்டோ போனில் ஏற்றி, அட்டையை இணைத்து, ஊரிலேயே சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கம்பியில் சுட்ட கறி விற்கிறவர்கூட போனில் ஸ்கேன் செய்கிற கியூஆர் குறியைத்தான் நீட்டுவார். கூகுளும் வாட்ஸப்பும் அங்கத்திய வலைப்பின்னலில் வராது, நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வரும். மெட்ரோ இரவு 11 மணியை ஒட்டி ஓய்ந்துவிடும், அதன்பின் டிடி செயலியில் கார் பிடிப்பதுதான் வழி. தங்குமிடத்தின் பெயரைச் சீன எழுத்தில் போனில் வைத்திருங்கள்.

இரவில் பெய்ஜிங் பாதுகாப்பான ஊர், பெண்கள் தனியாக நடப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பயம் திருட்டிலோ அடிதடியிலோ இல்லை, பில்லில்தான். வாங்ஃபூஜிங், தியனன்மென் பக்கம் "ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும்" என்று இளைஞர்கள் சிநேகமாக வருவார்கள். தேநீர்க் கடைக்கு அழைத்துப்போவார்கள். ஆயிரக்கணக்கில் பில் வரும். சான்லிதுன் தெருவில் "பெண்கள் இருக்கிற பார்" என்று காதருகே வந்து சொல்கிறவரும் அதே வகை. இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: போதைப்பொருள் விஷயத்தில் அங்கே விளையாட்டே கிடையாது. காவல்துறை பார்களில் திடீரென நுழைந்து எல்லோரிடமும் சிறுநீர் மாதிரி கேட்பதுண்டு. உடம்பில் போதைப்பொருள் இருக்கிறது என்று தெரிந்தால், வேறு நாட்டில் உட்கொண்டதாக இருந்தாலும், காவலும் நாடு கடத்தலும்தான்.

திங்கள் மாலை சுவரிலிருந்து திரும்பும்போது கால் கெஞ்சும். அறைக்குப் போய்ப் படுத்தால் எழ மாட்டீர்கள், நேராகக் கால் பிடித்துவிடும் கடைக்குப் போங்கள். வெந்நீரில் காலை ஊறவைத்து ஒரு மணி நேரம் பிடித்துவிடுவார்கள், பல கடைகள் நள்ளிரவு வரை திறந்திருக்கும். பிறகு குய்ஜியே. தொங்ஜிமென் அருகே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தெரு, இருபக்கமும் சிவப்பு விளக்கு தொங்குகிற உணவகங்கள், பலவும் விடிய விடிய. வாசலில் முக்காலி போட்டுச் சூரியகாந்தி விதை கொடுத்துக் காத்திருக்கச் சொல்வார்கள். காரமும் சிச்சுவான் மிளகும் போட்ட நன்னீர் இறால்தான் அந்தத் தெருவின் அடையாளம். அதற்குக் கோடைதான் பருவம், அக்டோபர் இறுதியில் கொஞ்சம் சுருங்கிப்போயிருக்கும். குளிர ஆரம்பித்த அந்த நேரத்துக்குச் செம்புப் பானையில் கரி போட்டு, கொதிக்கிற நீரில் மெல்லிய ஆட்டுக்கறியை முக்கி எள் விழுதில் தோய்த்துச் சாப்பிடுகிற பெய்ஜிங் முறைதான் என் தேர்வு.

ஒருவேளை ஞாயிறு இரவே வானிலையில் மழை காட்டினால் பிடிவாதம் பிடிக்காமல் சுவரைச் செவ்வாய்க்கு மாற்றிவிடுங்கள். நனைந்த செங்கல் வழுக்கும், மேகம் இறங்கினால் பக்கத்துக் கோபுரம்கூடத் தெரியாது. அப்படி மாற்றினால் அன்று இரவே விமானம் என்பதால் ஜின்ஷான்லிங் கட்டுப்படியாகாது, மூத்தியென்யூவுக்குப் போய்விட்டு மூன்று மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அரண்மனைக்கு ஏழு நாள் முன்பே டிக்கெட் திறந்துவிடும், வேகமாகத் தீர்ந்தும்விடும். செவ்வாய்க்கு எடுத்துவைத்த அந்த டிக்கெட்டை அப்போது பயன்படுத்த முடியாது.